தூங்க வைக்கிற ராசாத்தாள்

முதலில் பையைப் பார்க்கிறாள் ராசாத்தாள். குழந்தை அப்புறம்தான். தாயின் தோளில் தொங்குகிற ஒயர் கூடையோ, தகப்பன் அக்குளில் இடுக்கியிருக்கிற மஞ்சள் பையோ, "இங்க குடுங்கம்மணி, நானு வெக்கறேன்" என்று உபசாரமாக வாங்கி, பெஞ்சில் வைக்கிற சாக்கில் உள்ளே ஒரு பார்வை. பிஸ்கட் காகிதம் கசங்கிக் கிடக்கிறதா, பால் பாட்டிலின் அடியில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு குழந்தையின் கடைவாயை முந்தானை நுனியால் துடைத்து, அந்த நுனியைத் தன் மூக்குப் பக்கம் கொண்டுபோவாள்.

"பன்னா, பொறையா அம்மணி?"

"ஐயோ, இல்லீங்! காத்தாலிருந்து பச்சத்தண்ணி கூடக் குடுக்கலீங்."

"பன்னா பொறையான்னுதான் கேட்டேன்."

பதில் பிறகு வரும்: "அரைப் பன்னுதானுங்க. ஒரே அழுகாச்சிங்."

"எத்தனை மணிக்கு?"

"பெருந்துறை தாண்டையிலீங்."

"ரைட்டு." ஸ்கேன் ஓட்டுகிறவன் பக்கம் திரும்புவாள். "ஜெரோமு! இந்தப் புள்ளையைக் கடைசீல போடு, கண்ணு. வவுத்துல பன்னு உக்காந்திருக்குது."

இப்படிக் கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொங்குச் சனங்களிடம் ஒரு மரியாதை உண்டு. பெரிய மனுசர் ஒன்றைக் கேட்டால், அவர் மனம் கோணாத பதில் எதுவோ அதையே சொல்வார்கள். 'வெறும் வயிறுதானே?' என்று டாக்டர் கேட்டால் 'ஆமாங்க' என்பார்கள். 'ஒன்றும் கொடுக்கவில்லையே?' என்றால் 'இல்லீங்க' என்பார்கள். பொய் சொல்கிறோம் என்கிற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. படித்தவரை எதிர்த்துப் பேசக் கூடாது, அவ்வளவுதான். ஆகையால் ராசாத்தாள் தன் கேள்வியில் 'இல்லை' என்பதற்கு இடமே வைப்பதில்லை. "களவாண்டவனப் புடிச்சா எடுத்தியான்னு கேக்கப்படாதுங்க. எங்கடா வெச்சேன்னு கேக்கோணும்" என்பாள்.

அவிநாசி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது அந்த ஸ்கேன் சென்டர். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை வளையம். அதன் நடுவில் நுழைந்து நுழைந்து வருகிற நீள மேசை. பெரியவர்கள் படுத்தால் கால் மணியில் காரியம் முடிந்துவிடும். அசையாதே என்றால் அசைய மாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! அதனால் குழந்தைகளுக்குத் தூக்க மருந்து. அதைக் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கத்தில் வாந்தி வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும். இழுப்பும் மூச்சிரைப்பும் உள்ள குழந்தை என்றால் ஆபத்து இன்னும் ஒரு பங்கு கூடுதல். அந்த மருந்து கண்ணை மட்டும் மூடச் செய்வதில்லை. மூச்சையும் சேர்த்துத் தாலாட்டிவிடும். மருந்து எவ்வளவு என்பது மயக்க டாக்டரின் கணக்கு. மருந்து உள்ளே போனதிலிருந்து குழந்தை கண் விழித்து 'அம்மா' என்று அழுகிற வரைக்கும் ராசாத்தாளின் ஆட்சி.

ஆட்சி என்றால் சும்மா இல்லை. தூங்க வைக்கிற அறையின் கதவுக் கீலுக்குத் திங்கட்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் விடுவாள். கண்ணாடி வளையலைக் கழற்றி ஏழு வருசம் ஆகிறது, சத்தம் கேட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும் என்று. சாவிக் கொத்தைத் துணியில் சுற்றித்தான் இடுப்பில் செருகுவாள். முப்பது வருசமாகப் போட்ட வெற்றிலையை ஒரே நாளில் விட்டாள். "கொழந்தைக மோப்பம் புடிக்குமுங்க. புதுசா ஒரு வாசம் வந்தா முழிச்சுக்கும்." அந்த அறைக்குள் டாக்டரே செருப்போடு வந்தாலும் வெளியே கையைக் காட்டுவாள். சென்டரின் முதலாளி ஒருமுறை உள்ளே வந்து தும்மிவிட்டார். அவரை அவள் பார்த்த பார்வையில், அப்புறம் அவர் அந்தப் பக்கமே வருவதில்லை.

தூங்குகிற குழந்தையின் முதுகில் வலது உள்ளங்கையை வைப்பாள். ஒவ்வொரு மூச்சுக்கும் இடது கையில் ஒரு விரல் மடங்கும். "நிமிசத்துக்கு முப்பத்தி ரெண்டு" என்பாள். நர்ஸ் கைக்கடியாரத்தைப் பார்த்து எண்ணினால் முப்பத்து மூன்று வரும். "ஒண்ணு உங்க கடியாரத்துல இருக்கற கோளாறுங்க" என்று அதற்கும் பதில் வைத்திருப்பாள்.

தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் ராசாத்தாளுக்குத் தயக்கம் கிடையாது. "நானு அஞ்சாவதுங்க. அதுலயும் மூணாவது ரெண்டு வருசம். டாக்டருக மாறுவாங்க, மிசினு மாறும், ராசாத்தா மாறமாட்டா. நானு தூங்க வெச்ச புள்ளைகளை வரிசையா நிறுத்துனா உக்கடத்துக் கொளத்தச் சுத்தி ரெண்டு சுத்து வருமுங்க." கூட்டிச் சொல்கிறாளே என்று ஏட்டைப் புரட்டிப் பார்த்தால், ஒன்றரைச் சுற்றாவது வரும் போலத்தான் இருக்கிறது. 1991இல் தரை துடைக்கிற வேலைக்கு வந்தவள். அழுகிற குழந்தை ஒன்றை நர்ஸிடமிருந்து வாங்கி, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தூங்க வைத்தாள். அன்றைக்குச் சாத்திய துடைப்பத்தைத் திரும்ப அவள் எடுக்கவில்லை.

அவள் மூச்சைப் படித்தது வெள்ளகோவில் பக்கம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரை, பண்ணையத்துக்காரர்களின் செம்மறிகளைக் கூலிக்கு மேய்த்தவள். பிறகு கோயமுத்தூருக்கு வந்து பஞ்சு மில்லில் பதினெட்டு வருசம். புருசன் இருந்தவரை அவனுக்கும் சேர்த்து, போனபிறகு இரண்டு பெண்களுக்கும் சேர்த்து உழைத்தாள். இரண்டு பெண்களையும் நர்ஸ் படிப்புப் படிக்க வைத்துவிட்டாள். "அதுக ரெண்டும் படிச்சு நர்சு. நானு படிக்காத நர்சு" என்று சொல்லி, சொன்னது சரிதானே என்பது போல எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள்.

அவள் பெயர் சென்டரின் சுவர்களைத் தாண்டி வெளியே போனது தொண்ணூற்றைந்தாம் வருசத்து ஆடி மாதத்தில். உக்கடத்தில் பழைய சாக்கு வியாபாரம் செய்கிற ரசாக், மனைவி ஆமினா பீவியோடும் மூன்று வயது மகள் அஃப்ஷீனோடும் அன்று காலை வந்திருந்தார். குழந்தைக்கு மூன்று மாதமாக இழுப்பு. மருந்து, ஓதி ஊதிய தண்ணீர், ஆவி பிடித்தல் எல்லாம் ஆகி, கடைசியில் நெஞ்சு எக்ஸ்ரேயில் என்னவோ ஒரு நிழல் தெரிந்தது. அந்த நிழல் என்ன என்று ஸ்கேன் படத்தில் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன், இரண்டு நாளில் படத்தோடு வாருங்கள் என்று ஆபரேசன் செய்கிற பெரிய டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

மயக்க டாக்டர் ஈஸ்வரமூர்த்திக்கு அன்றைக்கு ஆறு குழந்தைகள். முப்பத்திரண்டு வயது. கெட்டிக்காரர். அவசரக்காரரும்கூட. குழலை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, இழுப்பும் அன்று காலை கொஞ்சம் தணிந்தே இருந்தது. வரிசையாகக் கேட்டார்.

"வெறும் வயிறுதானே?"

"ஆமாங்க சார்" என்றாள் ஆமினா பீவி.

"வாந்தி எதுவும் இல்லையே?"

"இல்லீங்க சார்."

"மல்லாந்து படுத்து நல்லாத் தூங்குறாளா?"

"தூங்கறாளுங்க சார்."

சீட்டில் மூன்று டிக் விழுந்தது. டாக்டர் மருந்து அளக்க அடுத்த அறைக்குப் போனார்.

ராசாத்தாள் வழக்கம் போலப் பையை வாங்கினாள். பை சுத்தம். குழந்தையின் கடைவாயைத் துடைத்து மோந்தாள். பசி வாசம் மட்டும்தான். வெறும் வயிறு என்றது நிசம். திரும்பிப் போக இருந்தவள் ரசாக்கின் சட்டையைப் பார்த்து நின்றாள். வெளுத்துத் தேய்த்த சட்டை. இடது தோளில் மட்டும் குழந்தையின் தலை எண்ணெய் இறங்கி, எச்சில் காய்ந்து, கையகலத்துக்கு ஒரு கறை. துவைத்தும் போகாத கறை. அவர் கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. குழந்தையைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏனுங்க பாய், நீங்க பாயில படுத்து எத்தனை நாளாச்சு?"

"நானுங்களா?"

"உங்களத்தான்."

ரசாக் விரல் விட்டார். "பதினேழு நாளாச்சுங்கக்கா. செவுத்துல சாஞ்சு உக்காந்து, புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டாத்தான் தூங்கறா. எறக்கிவிட்டா எந்திரிச்சுக்கறா."

"மல்லாக்கப் போட்டா?"

"ஒரு நிமிசம் தாங்கமாட்டாளுங்க. மூச்சு அடைக்குது."

ராசாத்தாள் தாயைப் பார்த்தாள். "ஏனம்மணி, இத்தனை நேரமும் டாக்டர்கிட்டத் தூங்கறா தூங்கறான்னீங்களே?"

ஆமினா பீவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "தூங்கறாளான்னுதானுங்க கேட்டாரு. தூங்கமாட்டான்னு சொல்லி, ஸ்கேன் எடுக்க முடியாது போங்கன்னுட்டா நாங்க எங்கீங்க போவோம்?"

மேய்ச்சல் காட்டில் ஒரு பாடம் உண்டு. சீக்கு வந்த குட்டி சுருண்டு படுத்துவிட்டால் பயமில்லை, கசாயம் ஊற்றினால் எழுந்துவிடும். மந்தை முழுக்கப் படுத்துக் கிடக்கும்போது ஒரு குட்டி மட்டும் கழுத்தை நீட்டி நின்றுகொண்டே இருந்தால் அதற்கு நெஞ்சுக்குள் கோளாறு. படுத்தால் செத்துப்போவோம் என்று அதற்குத் தெரியும். அதைப் பிடித்துப் படுக்கப் போட்டவன் கொன்றவனாவான். பத்து வயதில் ராசாத்தாள் அப்படி ஒரு குட்டியைப் பாவம் என்று மடியில் மல்லாத்தியிருக்கிறாள். அது மடியிலேயே போயிற்று. பண்ணையத்துக்காரர் அடித்த அடி மறந்துவிட்டது. குட்டியின் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது மறக்கவில்லை.

டாக்டர் மருந்தை அளந்து சின்னப் பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிக் கொண்டுவந்தார். ராசாத்தாள் அந்த மூடியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். சென்டரில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

"கையை எடு, ராசாத்தா."

"எடுக்கமாட்டேனுங்."

"இன்னும் அஞ்சு குழந்தைங்க இருக்கு. உன் விளையாட்டை அப்புறம் வெச்சுக்க."

"இந்தப் புள்ளை பதினேழு நாளா உக்காந்தே தூங்குதுங்க. அப்பன் தோளுதான் கட்டில். மல்லாக்கப் போட்டா மூச்சு நிக்குது. முழிச்சிருக்கறதுனால எந்திரிச்சுத் தப்பிச்சுக்குது. மருந்து குடுத்தீங்கன்னா எந்திரிக்கறதுக்கு ஆரு இருக்கறா?"

டாக்டர் சீட்டைப் பார்த்தார், அதிலிருந்த டிக்கைப் பார்த்தார். ரசாக்கின் தோளிலிருந்து குழந்தையை வாங்கித் தானே மெல்ல மல்லாத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. அஃப்ஷீன் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு திமிறினாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆயிற்று. சட்டென்று தூக்கி நிமிர்த்தினார். நிறம் திரும்பி வந்தது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மருந்து மூடியை வாங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

"இங்கே முடியாது" என்றார். "மெட்ராசுக்குத்தான் அனுப்பணும்."

"மெட்ராசுங்களா?" என்றார் ரசாக். "பெரிய டாக்டரு ரெண்டு நாள்னு சொன்னாருங்களே. அவ்வளவு தூரம் தாங்குவாளா சார்?"

ராசாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"மருந்தில்லாமத் தூங்க வெக்கறேன். எனக்கு மத்தியானம் வரைக்கும் டயம் குடுங்க."

"தூங்க வெச்சு என்ன பண்ணுவே? மேசையிலே படுக்கணுமே."

"மல்லாக்கத்தான் படுக்கோணும்னு சட்டமுங்களா? நெஞ்சுக்கடியில தலகாணிய அடுக்கி, அப்பன் தோள்ல கெடக்கற வாட்டத்துக்கே குப்புறப் போடறேன்."

ஸ்கேன் ஓட்டுகிற ஜெரோம் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "குப்புறப் போட்டாப் படம் தலைகீழா வருமுங்கக்கா."

"வந்தா என்ன கண்ணு? படத்தத் திருப்பிப் புடிச்சுப் பாக்கற அளவுக்குக் கூடவா உங்களுக்குப் படிப்பில்ல?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "இங்க பாரு. தூக்கத்திலே இந்தக் குழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது."

"ஒண்ணும் ஆகலீன்னா?"

"மத்தியானம் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த குழந்தையின் சீட்டை எடுத்தார்.

மருந்து இல்லை என்றால் பட்டினி எதற்கு? எதிர் மெஸ்ஸிலிருந்து இட்லியும் வெதுவெதுப்பாகப் பாலும் வரவழைத்தாள். விடியற்காலையிலிருந்து காய்ந்து கிடந்த குழந்தை தகப்பன் தோளில் இருந்தபடியே ஒரு இட்லி தின்றது. பால் குடித்து ஏப்பம் விட்டது. மற்றக் குழந்தைகளின் படத்தை ஜெரோம் எடுத்து முடிக்கிற வரைக்கும் அஃப்ஷீனைத் தூங்கவிடாமல் ராசாத்தாள் பார்த்துக்கொண்டாள். வாசலுக்குத் தூக்கிப் போய் ஆட்டோ காட்டினாள், குதிரை வண்டி காட்டினாள். கண் சொருகினால் காது மடலை நிமிண்டினாள். "சித்தப் பொறு தாயி. தூக்கத்தச் சேத்து வெச்சு ஒரேமுட்டாத் தூங்கலாம்."

மத்தியானம் ஒரு மணிக்கு அறையை இருட்டாக்கித் தோளில் போட்டாள். அஃப்ஷீன் ஐந்து நிமிசத்தில் தூங்கிவிட்டாள். மெல்ல ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய், மேசையில் அடுக்கி வைத்த தலையணை மேல் சாய்த்தாள். குழந்தை அசையவில்லை. ஜெரோம் பொத்தானை அழுத்தினான். மேசை 'கிர்ர்' என்று நகர்ந்தது. அஃப்ஷீன் விழித்து, வெள்ளை வளையத்தைப் பார்த்து வீரிட்டாள். அழ அழ மூச்சு முட்டியது, உதடு மறுபடி கறுத்தது. டாக்டர் பிராணவாயு முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவள் அடங்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"போதும், ராசாத்தா" என்றார் டாக்டர்.

"அக்கா, விட்டுருங்க" என்றான் ஜெரோம். ஆமினா பீவி சுவரோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளே ஓதிக்கொண்டிருந்தாள்.

ராசாத்தாள் அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள். "மில்லுல பதினெட்டு வருசம் இருந்தும் எனக்குப் புத்தியில்லையே!"

மில்லில் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விடுவதற்கு ஒரு தொட்டில் கொட்டகை இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நூற்பு இயந்திரங்கள் இடி மாதிரி ஓடும். முப்பது குழந்தைகளும் அந்த இடியில் சுகமாகத் தூங்கும். கரண்ட் போய் மில் நின்றதோ, முப்பதும் ஒரே சமயத்தில் முழித்துக்கொண்டு அழும். எந்தச் சத்தத்தில் தூங்கிற்றோ அந்தச் சத்தம் குழந்தைக்குத் தாய் மாதிரி. அமைதியான அறையில் தூங்க வைத்து இரைகிற மேசையில் போட்டதுதான் தப்பு.

"ஜெரோமு, படம் எடுக்காம வெறும் மேசைய மட்டும் உள்ள வெளிய ஓட்ட முடியுமா?"

"எத்தனை தரம் வேணும்னாலும் ஓட்டலாம்."

"நிறுத்துன்னு நானு சொல்ற வரைக்கும் ஓட்டு. காத்தாடியையும் போடு. இன்னிக்கு மட்டும் கரண்ட்டு போச்சுன்னா, கரண்ட்டு ஆபீசு வாசல்ல நாளைக்கு ராசாத்தாதான் உக்காந்திருப்பா."

படம் எடுக்கும்போது கதிர் படாமல் இருக்க உள்ளே நிற்கிறவர்கள் ஈயம் வைத்த கனமான மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் எழுந்து அதைப் போட்டால் குழந்தை அலுங்கும். ஆகையால் முதலிலேயே போட்டுக்கொண்டாள். ஈயம் சில்லென்று இருக்கும் என்று அதன் மேல் தன் பழைய சேலைத் துண்டைச் சுற்றினாள். சொசைட்டி அரிசி அரை மூட்டையைச் சுமக்கிற மாதிரி அதையும் சுமந்து, குழந்தையையும் சுமந்து, ஓடுகிற மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். மேசை உள்ளே போனது, வெளியே வந்தது. அவள் கை முதுகைத் தட்டியது. முதலில் குழந்தையின் மூச்சு எத்தனையோ அத்தனை தட்டு. பிறகு ஒரு தட்டுக் குறைவு. பிறகு இன்னும் ஒன்று குறைவு. கை எவ்வளவு நிதானிக்கிறதோ, நெஞ்சும் அவ்வளவு நிதானித்தது. வெளியே கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் உட்காரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாலேயே ஜெரோமுக்கு ஜாடை காட்டினாள். மேசை நின்றது. காற்றாடி மட்டும் ஓடியது. ஐம்பத்து மூன்று வயதுக்காரி, முக்காலி வைத்து, மாட்டு வண்டியில் ஏறுகிற மாதிரி அந்த மேசையில் ஏறி உட்கார்ந்தாள். தோளில் குழந்தையோடு தலையணை அடுக்கின் மேல் தானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்தது. சாய்ந்து சாய்ந்து, குழந்தையின் பாரம் தன் தோளிலிருந்து தலையணைக்கு வழிந்து இறங்கியதும், கன்னத்தைக் கடைசியாக எடுத்தாள். இந்த ஒரு சாய்வுக்கு இருபது நிமிசம் ஆயிற்று. இறங்கி வந்து உள்ளங்கையை முதுகில் வைத்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடிக்கு ஒரு விரல் காட்டினாள். ஆரம்பி.

மேசை இரைந்தது. அஃப்ஷீன் உதட்டைச் சப்பிக்கொண்டு தூங்கினாள்.

டாக்டரும் ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு முகமூடியோடு பக்கத்தில் வந்து நின்றார். குழந்தையின் விரலில் மாட்டிய சிவப்பு விளக்கு, ரத்தத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பெட்டியில் எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றொன்று. அவர் பெட்டியைப் பார்த்தார், அவள் முதுகைப் பார்த்தாள். எட்டாவது படம். பதினோராவது படம். எண்பத்தொன்பது. எண்பத்தாறு. டாக்டர் முகமூடியை நீட்டினார். முகமூடி பட்டால் குழந்தை முழித்துக்கொள்ளும், முழித்தால் இத்தனையும் பாழ். ராசாத்தாள் தலையை ஆட்டினாள். குழந்தையின் தாடைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து ஒரு நூல் அளவு தூக்கினாள். தோளை ஒரு விரற்கடை திருப்பினாள். பெட்டி யோசித்தது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றி மூன்று. டாக்டர் முகமூடியைத் தாழ்த்தினார்.

இருபத்திரண்டு படம். கடைசிப் படம் முடிந்து ஜெரோம் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். சத்தம் போடாமல் குதித்தான். ரசாக் உள்ளே வந்து, தூங்குகிற மகளைக் கறை படிந்த தோளில் வாங்கிக்கொண்டார். ஆமினா பீவி ராசாத்தாளின் விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எதுக்கம்மணி அழுகறீங்க? எடுத்தாச்சில்ல? ராசாத்தா கைபட்டா எடுக்காமப் போயிருமா?" என்றாள் ராசாத்தாள்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு நீர்க்கட்டி, மூச்சுக்குழலுக்கு முன்னால். நிமிர்ந்தால் விலகும். மல்லாந்தால் தன் பாரம் முழுவதையும் குழல் மேல் வைத்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய டாக்டர் மறுநாளே கத்தி வைத்தார். குழந்தையை உட்கார வைத்தே எப்படி மயக்குவது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்களாம். இன்றைக்கு அஃப்ஷீன் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். ரசாக் மொட்டை மாடியில் நின்று சொல்கிற மாதிரி அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் எல்லாரும் விளக்குப் பெட்டியைச் சுற்றி நின்றபோது, ராசாத்தாள் ஸ்கேன் அறையிலேயே சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் தூக்கிப் பிடித்த கைகள் மரத்துப்போய், முதுகுப் பக்கம் இருக்கிற மேலங்கியின் வாருக்கு எட்டவில்லை. தினமும் டாக்டர் மேலங்கியோடு வெளியே வந்து, கைகளை விரித்து முதுகைக் காட்டுவார். அவள் வாரை அவிழ்த்து வாங்கி ஆணியில் மாட்டுவாள். அதுதான் அங்கே வழக்கம்.

டாக்டர் ஈஸ்வரமூர்த்தி படத்தை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார். உள்ளே வந்தார். தன் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்கம்மா" என்றார்.

முதல் வாரை அவிழ்த்தார். இரண்டாவது வார் இறுகிப்போயிருந்தது, குனிந்து பல்லைக் கடித்து இழுத்தார். வேண்டாமுங்க என்று ராசாத்தாள் சொல்லவில்லை. மரத்துப்போன கைகள் இரண்டையும் தோள் உயரத்துக்கு மெதுவாகத் தூக்கி விரித்தாள். தாடையை நிமிர்த்தினாள். டாக்டர் அந்த ஈயப் பாரத்தைத் தோளிலிருந்து வாங்கி, சுவருக்குக் கொண்டுபோய், ஆணியில் மாட்டி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.